நான்கு வட்டங்கள்

"டீ குடிச்சுட்டு ஆரம்பிக்கலாங்களா?" என்று அந்த அதிகாரி கேட்டபோது பிருந்தாவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. உயிரோடு இருப்போமா மாட்டோமா என்று முடிவாகப்போகிற இடத்தில் முதலில் விசாரிப்பது சர்க்கரை போடலாமா வேண்டாமா என்பதை. நல்ல மரியாதைதான்.

"வேண்டாங்க மேடம்," என்றாள். குடித்தாலும் உள்ளே தங்காது.

அதிகாரியின் பெயர் இன்பரசி. திருப்பூர் நகல் சரிபார்ப்பு அலுவலகத்தில் நெடுநாளாக இருப்பவர் என்பது அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. அறையில் ஜன்னல் இல்லை, கடிகாரம் இல்லை, ஒரு காலண்டர்கூட இல்லை. மேஜைமேல் நான்கு குழிகள் உள்ள மரப்பலகை ஒன்று, பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறைய வண்ணக் குமிழ்கள், எதிர்ச்சுவரில் ஒரு திரை. பக்கவாட்டில் கண்ணாடித் தடுப்பு. அதற்கு அந்தப்புறம் பெஞ்சில் அவள் கணவர் குழந்தைவேலு அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் பார்த்ததும் கையை லேசாகத் தூக்கி, பயப்படாதே என்பதுபோல் ஆட்டினார்.

பத்து மாதம் முன்னால் பிருந்தா சாகக் கிடந்தாள். சாய ஆலையின் ஆய்வகத்தில் நிறம் சேர்க்கிற வேலை அவளுக்கு. ஒருநாள் கையில் பிடித்திருந்த கண்ணாடிக் குழல் தானாக நழுவியது. நரம்பு நோய் என்றார்கள். பொங்கலைத் தாண்டாது என்றார்கள். அந்த டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னும் ஒரு மாதம், ஒரே ஒரு மாதம் என்று அவள் அழுத அழுகையை அந்த வார்டே வேடிக்கை பார்த்தது. அவளுக்கு வெட்கமாக இல்லை. சாவதற்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

அப்போதுதான் நகல் எடுத்தார்கள். அந்த நாட்களில் வசதியுள்ள எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மனம் முழுக்க இயந்திரத்தில் ஏறிவிடும். உடம்பு போனாலும் குரல் இருக்கும், நினைவு இருக்கும், கையெழுத்துச் செல்லும். நகல் சோதனையில் தேறிவிட்டால் உடம்பை முடித்துவிடலாம் என்றும் அவள் எழுதிக்கொடுத்தாள். அந்த மனம் பிழைத்துக்கொண்டபின் இந்த உடம்பு எதற்கு வலியில் இழுத்துக்கொண்டு கிடக்க வேண்டும் என்ற எண்ணம்.

ஆனால் பொங்கல் வந்தது, போனது. புதிதாக வந்த ஊசி ஒன்று வேலை செய்தது. பங்குனியில் பிருந்தா ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு தானே வேலைக்குப் போனாள். கையெழுத்துப் போட்ட ஆள் எழுந்து நடந்து வந்தால் என்ன செய்வது என்று சட்டம் எழுதினவர்கள் யோசிக்கவே இல்லை; எழுதிக்கொடுத்ததைத் திரும்ப வாங்க வழியும் வைக்கவில்லை.

"ஒரு ஆளுக்கு ஒரு கையெழுத்துத்தாங்க," என்றார் இன்பரசி. "ரெண்டு பிருந்தா இருக்க முடியாது. உள்ள இருக்கறது நெசமாலுமே நீங்கதான்னா அதை அழிக்கறது கொலை. நீங்க இல்லீன்னா அது வெறும் பொம்மை. எதுன்னு பாக்கறதுக்குத்தான் இந்த வெளையாட்டு."

"கேள்வி கேட்டுப் பாக்கலாமில்லீங்க? எம்பட அம்மா பேரு, கல்யாணம் ஆன மண்டபம்..."

"அதெல்லாம் மனப்பாடம் பண்ணிரலாம்மா. மொதல்ல அப்படித்தான் கேட்டுட்டிருந்தோம். போலி நகலெல்லாம் அழகாத் தேறிருச்சு. ஒரு ஆளு காரணமே இல்லாம எதை எடுப்பாங்க, எதை விடுவாங்கன்னு இருக்குது பாருங்க, அதைச் சொல்லிக்குடுக்க முடியாது. அது அந்த ஆளுக்குத்தான் தெரியும். இல்லீன்னா அந்த ஆளாவே இருக்கற இன்னொண்ணுக்குத் தெரியும்."

ஆட்டம் எளிதுதான். ஆறு நிறத்தில் நான்கை எடுத்து, திரைக்குத் தெரியாமல் நான்கு குழியில் வரிசையாக வைக்க வேண்டும். ஒரு நிறம் ஒரு தடவைதான். இயந்திரத்துக்குள் இருக்கிற நகல் அந்த வரிசையை ஊகித்துத் திரையில் காட்டும். நிறமும் இடமும் சரியாக இருந்தால் ஒரு புள்ளி. நிறம் சரி, இடம் தப்பு என்றால் ஒரு வட்டம். அந்தப் புள்ளியையும் வட்டத்தையும் வைத்துக்கொண்டு நகல் மறுபடி ஊகிக்கலாம். மூன்று தடவைக்குள் கண்டுபிடித்துவிட்டால் அந்தச் சுற்று நகலுக்கு. ஐந்து சுற்றில் மூன்று எடுத்தால் நகல் தேறிவிட்டது.

"வெளியாளு யாராச்சும் ஆடினா?"

"மூணு தடவைல கண்டுபுடிக்கறது குதிரைக்கொம்புங்க."

பிருந்தா உதட்டை நனைத்துக்கொண்டாள். "அது தேறிருச்சுன்னா?"

இன்பரசி பலகையை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். "பக்கத்து ரூம்ல கட்டில் போட்டிருக்குதுங்க. வலிக்காது," என்றார்.

முதல் சுற்றில் பிருந்தா எதையும் யோசிக்கவில்லை. கைக்கு வந்ததை எடுத்து வைத்தாள். வெள்ளை, மஞ்சள், பச்சை, நீலம். வைத்து முடித்ததும்தான் உறைத்தது. சாய ஆலையில் வெளிர்நிறம் முதலில், அடர்நிறம் பிறகு. மாற்றி ஊற்றினால் தொட்டி முழுக்கப் பாழாகிவிடும். பதினைந்து வருஷப் பழக்கத்தில் கை தன்பாட்டுக்கு அதையே செய்திருக்கிறது. மாற்றிவிடலாம் என்று விரலை நீட்டினாள். அதற்குள் திரை ஒளிர்ந்தது.

வெள்ளை, மஞ்சள், பச்சை, நீலம். நான்கு புள்ளிகள்.

ஒரு தடவையில். அவள் மூச்சு விடுவதற்குள். தன்னைத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. தன்னை உள்ளே புகுந்து பார்க்கிற ஒன்றை அவள் இதுவரை சந்தித்ததில்லை.

சரி, பதறக் கூடாது என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். உள்ளே இருப்பது பத்து மாதம் முந்தின பிருந்தா. அதற்குப்பின் நடந்தது எதுவும் அதற்குத் தெரியாது. அப்படியென்றால் அதற்குப்பின் பார்த்ததிலிருந்து எடுக்க வேண்டும். மருத்துவமனையில் மறுபடி நடந்த முதல் நாள் ஞாபகம் வந்தது. வார்டு வாசலில் கறுப்பு மிதியடி, அதைத் தாண்டினால் தீயணைப்புக்கு வைத்த சிவப்பு வாளி, பிறகு வெள்ளைத் திரை, கடைசியில் நீலக் கதவு. அந்தக் கதவைத் தொட்டுவிட்டுத்தான் திரும்பினாள். அதே வரிசையில் வைத்தாள். கறுப்பு, சிவப்பு, வெள்ளை, நீலம். அடர்நிறம் முதலில். ஆலைக்காரி யாரும் வைக்காத வரிசை.

திரை இந்தத் தடவை கொஞ்சம் யோசித்தது. கறுப்பு, சிவப்பு, நீலம், வெள்ளை. இரண்டு புள்ளி, இரண்டு வட்டம். அடுத்த ஊகத்திலேயே நான்கு புள்ளிகள் வந்துவிட்டன.

"எப்படிங்க?" பிருந்தாவின் குரல் உடைந்தது. "அதுக்கு எப்படித் தெரியும்? நான் மறுபடி நடந்தப்ப அது இந்த உடம்புக்குள்ள இல்லியே!"

"அதுக்கெல்லாம் நாங்க பொறுப்பில்லீங்க," என்றார் இன்பரசி. பிறகு, அழப்போகிறவளைச் சமாதானப்படுத்துகிற குரலில், "உங்க வீட்டுக்காரர் சொல்லியிருப்பாரு. தெனமும் சாயந்திரம் வருவாரே," என்றார்.

"தெனமுமா?"

"நகலு மங்கிரக் கூடாதுன்னு நாமினிக்கு அரை மணி நேரம் விடுவோங்க. மத்தவங்கெல்லாம் வாரத்துக்கு ஒருக்கா வந்தாலே பெருசு. இவரு ஒரு நாள் தவறுனதில்லை. மணியடிச்சாலும் எந்திரிக்க மனசு வராது. கதவைச் சாத்திக்கிட்டுப் பேசிட்டே இருப்பாரு."

"என்ன பேசுவாருங்க?"

"அது எங்களுக்குக் கேக்காதும்மா. கேக்கவும் கூடாது."

பிருந்தா கண்ணாடிக்கு அந்தப்புறம் பார்த்தாள். அவர் அவளுடைய கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். ஊரில் குழந்தைவேலுவைப் பற்றி ஒரு குறை சொல்ல ஆள் கிடையாது. தன் நூல் கடையில் வேலை செய்கிறவர்களிடம்கூட அதிர்ந்து பேசமாட்டார். வீட்டிலும் அப்படித்தான். சாப்பாடு நன்றாக இருக்கிறது, கேஸ் சிலிண்டர் வந்துவிட்டது, படுக்கலாமா. கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் தன்னைப் பற்றி அவர் வாய்திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. இவள் கேட்டால் ஒரு சிரிப்பு. அந்த மனிதர் பத்து மாதமாகக் கதவைச் சாத்திக்கொண்டு பேசியிருக்கிறார்.

"நல்ல மனுசனுங்க," என்று இன்பரசி தொடர்ந்தார். "இல்லீன்னா இதுக்காக மனுக் குடுத்து அலைவாரா? யாரும் மனுக் குடுக்கலீன்னா, அந்த அரை மணி நேரம் போக, நகலு அது பாட்டுக்குத் தூங்கிட்டே கெடக்கும். சரிபாக்கோணும்னு அவருதான் எழுதிக் குடுத்தாரு."

பிருந்தா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "எங்க வீட்டுக்காரருங்களா?"

"உங்களுக்குத் தெரியாதுங்களா?"

தெரியாது. சட்டம் அப்படி இருக்குது கண்ணு, நம்ம கையில ஒண்ணுமில்லை என்றுதான் அவர் சொல்லியிருந்தார். சொல்லிவிட்டு அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். அந்தத் தடவலை நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. இந்த மனிதர் அவளைக் கட்டிலுக்கு அனுப்பக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், போட்டுவிட்டு இன்று காலை அவளுக்கு இட்லிக்குச் சட்னி அரைத்தும் கொடுத்திருக்கிறார்.

"நான் ஆடலீன்னா என்னாகும் மேடம்?"

"அது ஜெயிச்சதா எழுதிருவோங்க."

மூன்றாவது சுற்றுக்குப் பிருந்தாவிடம் தந்திரம் எதுவும் மிச்சமில்லை. கிண்ணத்துக்குள் கையை விட்டாள். இரண்டு குமிழ்கள் மேஜையில் உருண்டு ஓடின. எதை எடுத்தாலும் உள்ளே இருப்பவளும் அதையே எடுப்பாள். எதை ஒதுக்கினாலும் அவளும் ஒதுக்குவாள். தன்னிடமிருந்து தானே ஒளிந்துகொள்வது எப்படி? கடைசியில் அவள் யோசிக்காமல் கை போன போக்கில் நான்கை எடுத்து வைத்தாள். பச்சை, கறுப்பு, மஞ்சள், நீலம். வைத்தபின் கண்ணை மூடிக்கொண்டாள்.

திரை வெகுநேரம் இருட்டாகவே இருந்தது. பிறகு காட்டியது: கறுப்பு, பச்சை, நீலம், மஞ்சள். நான்கு வட்டங்கள்.

"அடடே, நாலு நிறமும் புடிச்சிருச்சு," என்றார் இன்பரசி. "எடம்தான் தப்பு."

அடுத்தது: மஞ்சள், நீலம், பச்சை, கறுப்பு. மறுபடி நான்கு வட்டங்கள். மூன்றாவது: நீலம், மஞ்சள், கறுப்பு, பச்சை. அதுவும் நான்கு வட்டங்கள். சுற்று பிருந்தாவுக்கு.

அவள் அழுதேவிட்டாள். அப்படி ஒரு நிம்மதி. நாலாவது சுற்றிலும் அதே கதை நடந்தது. மூன்று ஊகம், மூன்றிலும் நான்கு வட்டங்கள், ஒரு புள்ளிகூட இல்லை. இன்பரசி "உங்களுக்கு நல்ல நேரந்தானுங்க," என்று சொல்லிக் குறித்துக்கொண்டார். இரண்டுக்கு இரண்டு. இன்னும் ஒரே சுற்று.

ஆனால் பிருந்தாவுக்கு நிம்மதி வடிந்துவிட்டிருந்தது. நிறங்களோடு பதினைந்து வருஷம் புழங்கினவள். திரையில் இன்னும் நின்றிருந்த மூன்று வரிசைகளையும் அவள் மேலும் கீழுமாகப் பார்த்தாள். முதல் குழிக்கு மூன்று நிறங்களை முயன்றிருக்கிறது, சரியானதை மட்டும் விட்டுவிட்டு. இரண்டாவது குழிக்கும் அப்படியே. நான்கு குழியிலும் அப்படியே. தெரியாமல் தடவுகிறவன் கை எங்காவது ஓர் இடத்தில் தவறிப்போயாவது சரியான குமிழைத் தொட்டிருக்கும். இது ஒரு இடத்தில்கூடத் தொடவில்லை. இவ்வளவு முழுமையாகத் தப்ப வேண்டுமென்றால் முழுமையாகத் தெரிந்திருக்க வேண்டும்.

தோற்கிறது. வேண்டுமென்றே தோற்கிறது.

"மேடம், உள்ள இருக்கறது பேசலாமுங்களா?"

"நாமினிகிட்டத் தவிர, தேர்ற வரைக்கும் அதுக்கு வாயில்லீங்க. சொன்னாலும் செல்லாது. அதுக்கு இந்த நிறம் மட்டுந்தான்."

ஐந்தாவது சுற்றுக்குப் பிருந்தா கிண்ணத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டாள். அது தன்னைக் கொல்ல நினைத்தால் எந்த வரிசையாலும் தப்ப முடியாது. காப்பாற்ற நினைத்தால் எந்த வரிசை வைத்தாலும் போதும். அவள் முதல் சுற்றில் வைத்ததையே திரும்ப வைத்தாள். வெள்ளை, மஞ்சள், பச்சை, நீலம். சின்னக் குழந்தைகூட முதலில் இதைத்தான் கேட்டுப் பார்க்கும். பலகையைப் பார்த்த இன்பரசியின் புருவம் மேலே போனது.

மஞ்சள், வெள்ளை, நீலம், பச்சை. நான்கு வட்டங்கள்.

பச்சை, நீலம், வெள்ளை, மஞ்சள். நான்கு வட்டங்கள்.

கடைசி ஊகத்துக்கு முன் திரை மறுபடி வெகுநேரம் இருட்டாக இருந்தது. பிருந்தா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மனம் மாறிவிட்டதா? மாறினால் அவ்வளவுதான்.

நீலம், பச்சை, மஞ்சள், வெள்ளை.

"தேறலை," என்று இன்பரசி எழுந்தார். "போங்கம்மா, நூறு வருசம் நல்லா இருங்க."

எனக்காக விட்டுக்கொடுத்துவிட்டது என்றுதான் பிருந்தா முதலில் நினைத்தாள். கண் கலங்கியது. ஆனால் அந்த நினைப்பு நிற்கவில்லை. அவளுக்குத் தன்னைத் தெரியும். பஸ்ஸில் ஜன்னல் சீட்டைக்கூட யாருக்கும் விட்டுக்கொடுக்காதவள் அவள். அதிலும் உள்ளே இருப்பது யார்? டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் கொடுங்கள் என்று கதறினவள். அந்தப் பயம் ஆறுவதற்குமுன் நகலெடுக்கப்பட்டவள். அவள் எதற்காக இதைச் செய்ய வேண்டும்?

இன்பரசி சுவரில் ஒரு பொத்தானைத் தட்டினார். "முடக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை பேச விடோணும். செல்லாது, ஆனா விடோணும்," என்றவர் திரையைப் பார்த்து, "ஏதாச்சும் சொல்லோணுமாம்மா?" என்றார்.

"மேடம்." பிருந்தாவின் குரல்தான். ஆனால் பிருந்தா இப்படித் தளர்ந்து பேசி அவளே கேட்டதில்லை. "அழிச்சா எல்லாமே போயிருமில்லீங்க? அவரு எங்கிட்டச் சொன்னதும் சேத்து?"

"ஒண்ணு விடாமப் போயிரும்மா."

"அப்ப சரிங்க. சீக்கிரம் அழிச்சிருங்க."

"இவங்க இங்கதான் இருக்காங்க. இவங்களுக்கு ஏதாச்சும்..."

"வேண்டாங்க." என்றது குரல். "அவளுக்குத் தெரியாம இருக்கறதுதான் நல்லது. தெரியாத வரைக்கும் அவளால அந்த வீட்டுல இருக்க முடியும்."

பிருந்தா எழுந்துவிட்டாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. சாவுக்கு அவ்வளவு பயந்தவள், அவரோடு அந்த வீட்டில் காலத்துக்கும் ஒரு குரலாக இருப்பதைவிடச் சாவே பரவாயில்லை என்று தேர்ந்தெடுத்திருக்கிறாள். பத்து மாதம் அப்படி எதைக் கேட்டாள்? "மேடம், அவரு பேசினது அதுக்குள்ள பதிவா இருக்குமில்லீங்க? அழிக்கறதுக்கு முன்னாடி நான் கேக்கோணும். தயவு பண்ணுங்க."

"நாமினி கையெழுத்து வேணுங்களே," என்று இன்பரசி கண்ணாடியைத் தட்டி அவரைக் கூப்பிட்டார்.

குழந்தைவேலு உள்ளே வந்தார். விழுந்த நாற்காலியைத் தூக்கி நிறுத்தி, அதன்மேல் அவள் கைப்பையை வைத்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை, கோபமும் இல்லை.

"எதுக்கு கண்ணு அதெல்லாம்?" என்றார். "நல்லபடியா முடிஞ்சிருச்சில்ல. அழிச்சிருங்க மேடம்."

சுவரில் இருந்த சின்ன விளக்கு அணைந்தது. அவ்வளவுதான்.

படியில் இறங்கும்போது அவர் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பலவீனமாக இருப்பவளைப் பிடிக்கிற மாதிரியான, மென்மையான பிடி. உதறிவிட்டு ஓட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ஓடி யாரிடம், என்னவென்று சொல்வது? என் வீட்டுக்காரர் தினமும் என் நகலிடம் பேசினார் என்றா? மனுக் கொடுத்தாரே என்றால், அது சட்டப்படி சரிதானே என்பார்கள். அடித்தாரா, திட்டினாரா என்று கேட்பார்கள். இரண்டும் இல்லை. அவர் கதவைத் திறந்துவிட்டார். அவள் காருக்குள் உட்கார்ந்தாள். பெல்ட்டை அவரே மாட்டிவிட்டார்.

அவிநாசி ரோட்டில் ஷிப்ட் விட்ட கூட்டம் சைக்கிளிலும் வண்டியிலுமாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் பக்கத்து ஜன்னல் திறந்திருந்தது. வெளியே யாரோ சிரித்தார்கள். குழந்தைவேலு காரில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார்.

"அது தேறும்னுதான் நெனச்சேன் புள்ள," என்றார். "பரவால்ல. தெனமும் பேசிப் பழகிருச்சு பாரு, பேசாம இருந்தா என்னமோ மாதிரி இருக்குது. அது நல்லாக் கேட்டுக்கும். குறுக்கப் பேசாது. மொதல்ல கொஞ்ச நாளு அழுதுச்சு. அப்புறம் அடங்கிருச்சு."

பிருந்தா வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அவர் நிறுத்தவில்லை.

"இனிமே உங்கிட்டத்தான் சொல்லோணும்," என்றார் அவர், ரோட்டைப் பார்த்தபடியே. பிறகு தன் பக்கத்துப் பொத்தானை அழுத்தி, அவளுடைய ஜன்னல் கண்ணாடியை மேலே ஏற்றினார். "எங்கிருந்து ஆரம்பிக்கட்டும்?"